நனைந்த சீட்டு

பேசாலையிலிருந்து பெரியம்மா படம் அனுப்பியிருந்தாள்:
இடது கைச் சின்ன விரல், நகம் மூடி ஊதா மை,
பின்னால் கோயில் சுவர்.
"ஜனாதிபதிக்குப் போட்டிட்டன் பிள்ள.
ஒண்டு, ரெண்டு எண்டு நம்பரும் போட்டனான்.
நாங்கள் போட்டதுதான் வருமோ, தெரியேல்ல."

நான் மண்டபம் முகாமில் பிறந்தவள்.
அந்தக் கரையில் மை வைக்க எனக்கு விரல் இல்லை,
இந்தக் கரையிலும் இல்லை.
இருக்கிற பத்தும் நண்டு உடைக்க.

ஏழு மணிக்குக் கம்பெனி.
அவித்த நண்டு கூடை கூடையாய்க் கொட்டும்.
முதுகுச் சதை ஒரு தட்டு, கால் சதை வேறு தட்டு.
வாயைக் கட்டிய துணிக்குள்ளிருந்தும் பேச்சு வரும்.

"எண்ணுறதுக்கு முன்னாடியே ஆள முடிவு பண்ணிருப்பாங்க,"
என்றாள் பூமயில்.
"ஏலம் கூவுறதுக்கு முன்னாடி
வெல பேசி முடிக்கிறாங்கள்ல, அது மாதிரி."

சூப்பர்வைசர் ஜகுபருக்கு அமெரிக்கா தெரியும்.
இந்தச் சதை அங்கேதான் போகிறது.
"அங்க மட்டும் என்ன?
கூட ஓட்டு வாங்கினவரே தோத்துப்போன கதையெல்லாம் இருக்கு.
சனம் போடுறது ஒண்ணு, கூட்டுற கணக்கு வேற ஒண்ணு.
ஜெயிச்சவரு வரி போட்டா
ஒனக்குக் கிலோவுக்கு நாலு ரூவா கொறையும்."

வேதாளைக்கார ருக்குமணி கேட்டாள்:
"நம்ம ஜனாதிபதிக்கு நான் எப்ப போட்டேன்?"
"அதுக்கு எம்.எல்.ஏ. போடுவாரு."
"அவருக்கே நான் போடலையே!"
சிரித்ததில் அரைத் தட்டு சிந்தியது.
ஜகுபர் சிந்தியதையும் எடை போட்டு
எழுதிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் மேசைக்கு லீடர் எடுத்தார்கள்.
பூமயிலா, லூர்துசெல்வியா.
"நீ கேம்ப் பிள்ள, எந்தப் பக்கமும் இல்ல.
ஒனக்கு ஓட்டு வேணாம். நீ எண்ணு."

மாதம் தவறாமல் என்னை எண்ணுவார்கள்.
வரிசையில் நிற்பேன்,
பெயர் வரும், கையெழுத்துப் போடுவேன், சரி என்பார்கள்.
நான் எண்ணுவது இதுதான் முதல் தடவை.

ஐஸ் பெட்டி மூடியில் பதினைந்து சீட்டு.
ஏழு பூமயிலுக்கு.
ஏழு லூர்துவுக்கு.
கடைசிச் சீட்டு நண்டுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது,
ஜகுபரின் ஜெல் பேனா நீலக் குளமாகி.
உற்றுப் பார்த்தால் ஒரு ல.
பூமயிலின் கடைசியிலும் ல இருக்கிறது,
லூர்துவின் முதலிலும்.
தலைக்கு மேல் இருந்தது புள்ளியா
சொட்டா
தெரியவில்லை.

போன மாதம் குழாயடியில்
"அகதிக்கு என்ன அவசரம்" என்றவள் லூர்து.
அது அப்போது நினைவுக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன்.
வரவில்லை என்றும்.

ஒரு நண்டின் ஓட்டைப் பிரிக்கிற நேரம்தான்.
"பூமயில்," என்றேன்.

கை தட்டினார்கள்.
லூர்து மட்டும் கையை நீட்டினாள்: "அந்தச் சீட்டக் காட்டு."
அதற்குள் அது
ஓட்டு வாளிக்குள் போயிருந்தது.
ஆயிரம் கால், கொடுக்கு, முதுகு.
கிளறவில்லை அவள். என்னைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து அடுத்த நண்டை எடுத்தாள்.

இரவு முகாம் கரையில் ரேடியோ.
காற்று அடிக்கும்போது கொழும்பு தெளிவாக வந்தது.
தொகுதி தொகுதியாக வாசித்தார்கள், அவருக்கு இவ்வளவு,
இவருக்கு இவ்வளவு,
ஒவ்வொன்றின் கடைசியிலும்
நிராகரிக்கப்பட்ட வாக்குகள்.
முந்நூற்றுச் சொச்சம். ஆயிரத்துச் சொச்சம்.
ஆண்கள் கூச்சலிட்டார்கள்: கள்ளக் கணக்கு,
மேலிடத்தில் எழுதிக் கொடுத்தது.
நேற்றென்றால் நானும் ஆமாம் என்றிருப்பேன்.
மேலிடம் வேண்டாம்.
ஈரக் கையோடு ஒருத்தி போதும்.

சோப்புப் போட்டும் கட்டை விரலில் நீலம் போகவில்லை.

பெரியம்மாவின் செய்தி மறுபடி:
"உண்மையா எங்கட வோட்டுதானோ பிள்ள, ஆளத் தெரிவு செய்தது?"

யார் எண்ணினது என்று கேளுங்கோ,
எழுதினேன். அழித்தேன்.

அங்கே அன்றைக்கு மழை பெய்ததா
என்று கேட்டேன்.